உங்களுக்குத் தெரியுமா? மலையேறிய பாட்டும் பட்டியலேறிய பாட்டும்

★ 1958 ஆகஸ்ட் 4-ஆம் தேதி அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை ‘ஹாட் 100’ என்ற வாராந்தரப் பாட்டுப் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. முதல் வாரம் முதலிடம் பிடித்தது ரிக்கி நெல்சன் பாடிய ‘புவர் லிட்டில் ஃபூல்’. அதே 1958-இல் போடிக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம், பாட்டின் பலத்தை அளக்க இன்னொரு பெட்டி வைத்திருந்தார்கள். அது ஓட்டுப்பெட்டி.

கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் 1957-இல் ஜெயித்த கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, மறு ஆண்டு இடைத்தேர்தல் வந்தது. அந்த மலையில் தோட்டவேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு மலையேறினார். ஜனங்களுக்குப் பழகிய மெட்டில் தோட்டத்துக் கூலியையும் கஷ்டத்தையும் வைத்துப் பாடினார். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டென்று முதல்வர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு பாராட்டியதாகத் தேனிப் பக்கம் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

பாவலரின் தம்பி ராசையாவைத்தான் நாம் இளையராஜா என்கிறோம். போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என்று தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் பண்ணைப்புரத்தில் இறங்கலாம். வாரப் பட்டியல்களைப் பற்றிப் பேசுவதை இந்த மலையடிவாரத்திலிருந்து தொடங்குவதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

★ இங்கிலாந்தின் முதல் பாட்டுப் பட்டியல் ஒரு டெலிபோனிலிருந்து பிறந்தது. 1952 நவம்பரில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் பெர்சி டிக்கின்ஸ், சுமார் இருபது ரெக்கார்டு கடைகளுக்குப் போன் போட்டு, “இந்த வாரம் எது அதிகம் போச்சு?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நவம்பர் 14 இதழில் 12 இடங்களுக்கான பட்டியல் வந்தது. சில பாட்டுகள் சமமாக நின்றதால் அந்த 12 இடங்களில் 15 பாட்டுகள் இருந்தன. முதலிடம் அல் மார்ட்டினோவுக்கு.

★ அது வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 1952 டிசம்பர் 3-ஆம் தேதி இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் ‘பினாகா கீத்மாலா’ ஆரம்பித்தது. பற்பசைக் கம்பெனி விளம்பரம் கொடுக்க, இருபது வயதுகூட நிறையாத அமீன் சயானி நிகழ்ச்சியை நடத்தினார். தொடக்கத்தில் ஏழு பாட்டுகள் வரிசை இல்லாமல் ஒலிக்கும். அவற்றைச் சரியாக வரிசைப்படுத்தி எழுதுகிறவருக்குப் பரிசு. அடுத்த சில ஆண்டுகளில் அதுவே கீழிருந்து மேலே படிப்படியாக ஏறும் பட்டியலானது. ஒவ்வொரு இடத்தையும் சயானி ‘பாய்தான்’, அதாவது படி, என்றுதான் சொல்வார். கீழ்ப் படியில் தொடங்கி முதல் படிக்கு வருவதற்குள் புதன்கிழமை இரவு எட்டு மணித் தெருக்கள் வெறிச்சோடிவிடும்.

இந்தியப் பாட்டுக்குப் பட்டியல் போட இலங்கைக்கு ஏன் போக வேண்டியிருந்தது? அப்போதைய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அதன் நேரத்தை வெட்டிக்கொண்டே போனார். கேட்கிறவர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக அமைத்த சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் இலங்கைக்குக் கிடைத்திருந்ததால், வட இந்தியா வரைக்கும் ஒலி கணீரென்று எட்டியது. ஜனங்களின் ரசனைக்கு ஒரு கதவை அடைத்தால் அது கடல் தாண்டியும் வேறு கதவைத் தேடிப் போகும். 1957-இல் விவித் பாரதி பிறந்ததற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம்.

கீத்மாலாவின் கணக்கு இரண்டு காலில் நின்றது. ஒன்று ரெக்கார்டு கடைகளின் விற்பனை, மற்றது ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் கடிதம். சில பாட்டுகள் மாதக்கணக்கில் இறங்கவே இறங்காது. அதனால் குறிப்பிட்ட வாரங்களை நிறைவு செய்த பாட்டுக்கு மகுடம் சூட்டி, மரியாதையோடு பட்டியலிலிருந்து விடை கொடுத்தார்கள். இப்படியொரு ஏற்பாடு எந்த நாட்டுப் பட்டியலுக்கும் அழகு சேர்க்கும். 2024 பிப்ரவரியில் அமீன் சயானி காலமானார்.

★ ஜும்ரி தலையா என்ற பெயரைக் கேட்டதுண்டா? இன்றைய ஜார்க்கண்டில், அபிரகம் தோண்டிய வட்டாரத்துச் சிற்றூர். அந்த ஊர்க்காரர்கள் விரும்பிய பாட்டைக் கேட்டு வானொலிக்குக் கார்டு கார்டாக எழுதித் தள்ளியதில், ஊரின் பெயரே இந்தியா முழுக்கத் தெரிந்துபோனது. அப்படி ஓர் ஊர் உண்மையில் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள்! மலைச்சரக்கை நம்பிப் பிழைத்த ஒரு வியாபார ஊர், பாட்டுக் கேட்டே புகழடைந்தது.

★ தமிழ்ச் சேவையும் இலங்கையிலிருந்தேதான் நம் வீடுகளுக்கு வந்தது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, இரவில் ‘இரவின் மடியில்’. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள் நடிகர்களின் பெயர்போல வாயில் புழங்கின. இரவில் நிலையம் இன்னும் தெளிவாகக் கேட்கும். பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடும் வானத்து அடுக்கு ஒன்று இரவில் கலைந்துவிடுவதும், அலை மேலே போய்த் திரும்பி வருவதும் அதற்குக் காரணம். 1976 மே 14-இல் இளையராஜா இசையில் ‘அன்னக்கிளி’ வந்தபோது பண்ணைப்புரத்துக்காரரின் பாட்டு பண்ணைப்புரத்துக்கே கொழும்பு வழியாகவும் வந்து சேர்ந்தது.

★ நம் பக்கத்து ஊர்களில் அச்சில் வராத ஒரு பட்டியல் எப்போதும் இருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர் மைக்செட்காரர். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவானாலும் தெருமுனைக் காதுகுத்தானாலும் விடியக் காலையில் எதைப் போடுவது, மொய் எழுதும்போது எது, பந்தி நடக்கும்போது எது என்பதை அவர்தான் முடிவு செய்வார். கூட்டம் தலையாட்டுகிறதா, பையன்கள் கூம்புக் குழாய்க்குக் கீழே வந்து நிற்கிறார்களா, பெரியவர் ஒருவர் வந்து “அதையே இன்னொருக்கா போடுப்பா” என்கிறாரா என்று பார்த்துப் பார்த்து அவர் மனசில் ஒரு வரிசை தயாராகிவிடும். ஓடாத பாட்டின் தட்டு பெட்டியின் அடிக்குப் போய்விடும்.

அந்தப் பட்டியலில் ஒரு பெயர் ஐம்பது ஆண்டுகளாக இறங்கவில்லை: எல்.ஆர். ஈஸ்வரி. அவர் பாடிய அம்மன் பாட்டுகள் இல்லாமல் தேனி மாவட்டத்தில் கொடியேறாது, தீச்சட்டி புறப்படாது. உலகத்தில் எந்த வாரப் பட்டியலிலும் இத்தனை ஆண்டு நின்ற பாட்டு இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் இதற்கு எண் போட்டவர் யாரும் இல்லை.

★ போடிக்காரர்களுக்கு ஏற்ற இறக்கத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர். 2019 ஆகஸ்டில் மலைக்கு மேல் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதையும், பிறகு சரிந்ததையும் பார்த்தவர்கள். முன்பு வியாபாரிகள் வாயால் விலை கேட்பார்கள். 2007 வாக்கில் கம்ப்யூட்டர் ஏலம் வந்தது.

பில்போர்டின் ஆல்பம் பட்டியலிலும் இதே மாற்றம் நடந்தது, 1991 மே மாதத்தில். அதுவரை பில்போர்டுக்காரர்கள் கேட்க, கடைக்காரர்கள் வாய்க்கணக்காகச் சொன்னதுதான் வரிசை. கடைக்காரருக்குப் பிடித்தது, கம்பெனிக்காரர் கெஞ்சிக் கேட்டது எல்லாம் அதில் கலந்திருக்கும். ‘சவுண்ட்ஸ்கேன்’ வந்த பிறகு, கல்லாவில் பார்கோடைத் தட்டினால்தான் கணக்கு. உடனே என்ன ஆயிற்று? நகரத்துக் கடைக்காரர்கள் அலட்சியமாக எண்ணிவந்த கிராமத்துக் கன்ட்ரி பாட்டு, மேலே குதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் ஆல்பம் வந்த வாரமே முதலிடத்தில் உட்கார்ந்தது. கன்ட்ரி ஆல்பம் ஒன்று அப்படி நுழைந்தது அதுவே முதல்முறை.

கிராமத்து ஜனங்கள் அந்த மே மாதத்தில் புதிதாகப் பாட்டுக் கேட்கத் தொடங்கவில்லை. எண்ணுகிற முறை மாறியதும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள், அவ்வளவுதான். பட்டியலைப் படிக்கிற ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

★ ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 நொடி கேட்டால்தான் அது ஒரு கணக்கு. 29 நொடியில் தாண்டிப் போனால் ஒன்றுமில்லை. பாட்டின் வடிவத்தையே இந்த அவசரம் பாதிக்கிறது. 1986 முதல் 2015 வரை அமெரிக்கப் பட்டியலின் முன்வரிசைப் பாட்டுகளை அளந்து பார்த்த ஓர் ஆய்வு, குரல் வருவதற்கு முந்தைய இசை சராசரியாக 20 நொடிக்கு மேல் இருந்தது 5 நொடி அளவுக்குச் சுருங்கிவிட்டதைக் காட்டியது. முன்னிசையிலேயே ஒரு காலைப்பொழுதை விடிய வைத்துவிடும் எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் வளர்ந்த காதுகளுக்கு இது நஷ்டம்தான்.

★ வாரப் பட்டியலுக்கு வாரம் எப்போது தொடங்கும்? உலகப் பட்டியல்கள் பலவற்றுக்கு வெள்ளி முதல் வியாழன் வரை. 2015 ஜூலையிலிருந்து பல நாடுகளில் புதுப்பாட்டு வெளியாகும் நாளாக வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டதுதான் காரணம். நம் சினிமாக் கம்பெனிகளோ நாயகனின் பிறந்தநாள், பண்டிகை என்று பார்த்து எந்தக் கிழமையிலும் மாலையில் வெளியிடுவார்கள். புதன்கிழமை மாலை வந்த பாட்டுக்கு முதல் வாரக் கணக்கில் ஒரு நாளும் சொச்சமும்தான் கிடைக்கும். அடுத்த வாரம் அது ‘எகிறிவிட்டது’ என்று செய்தி வந்தால், பாதி எகிறல் காலண்டருடையது.

★ இனி, எண்ணாமல் விட்டவர்களைப் பார்க்கலாம். ஏலக்காய் எடுக்கும் காலத்தில் விடிவதற்கு முன்பே போடியில் ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளி, தலைத்துண்டு, சாக்குப்பையோடு பெண்கள் ஏறி நெருக்கி உட்கார்ந்ததும் டிரைவர் பென்டிரைவைச் செருகுவார். முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். போடி மெட்டுக்குப் போகும் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டு, மூன்று பாட்டுகள் திரும்பத் திரும்ப வரும். ராமராஜன் படப்பாட்டு ஒன்று, அதற்கடுத்து போன மாதம் வந்த அனிருத் பாட்டு, அப்புறம் மறுபடி எண்பதுகள். யாராவது ஒருத்தி முணுமுணுக்கத் தொடங்கினால் பின்சீட்டில் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். காய் எடுக்கும்போதும் இடுப்பில் செருகிய சின்ன போனில் மெமரி கார்டு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் ஒன்றுகூட எந்தப் பட்டியலுக்கும் போவதில்லை. பென்டிரைவில் பாடுவதை யூட்யூப் அறியாது. மெமரி கார்டில் ஏற்றிய பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் எண் விழாது. ஏலச்செடி நிழலில் சிக்னலும் கிடையாது, ஆகவே அங்கே நேரடியாக ஓடவைக்கவும் முடியாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பாட்டோடு வேலை செய்கிற காது, சென்னையில் அரைமணி நேரம் மெட்ரோவில் பாட்டுக் கேட்கிற காதுக்கு முன்னால் பூஜ்ஜியமாகி நிற்கிறது. இது நியாயமில்லை. பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சரிசெய்ய வழி தேட வேண்டும். வானொலி நேயர்களைக் கணக்கெடுப்பதுபோல வீடு வீடாக, தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதினால் முடியாத காரியமா?

★ போடி மெட்டைத் தாண்டினால் பூப்பாறை, கேரளம். அங்கேயும் தோட்டத்தில் பாடுவது பெரும்பாலும் தமிழ்ப் பாட்டுதான். ஆனால் பண்பலைக்கு எல்லை மலைதான். கொடைக்கானல் உச்சியிலிருந்து 100.5-இல் வரும் ஆகாசவாணியின் பண்பலை, போடி சமவெளியில் தெளிவாகக் கேட்கும். முகட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில் கரகரத்து மறையும். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் பயணம் செய்யும், மலையைச் சுற்றி வளைந்து போக அதற்குத் தெரியாது.

★ 2019 ஜனவரியில் பில்போர்டின் யூட்யூப் பட்டியலில் உலக அளவில் 4-ஆம் இடம் வரை ஏறியது ஒரு தமிழ்ப் பாட்டு. ‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’. இசை யுவன் சங்கர் ராஜா, பண்ணைப்புரத்து வம்சம். எழுதி, தீயுடன் சேர்ந்து பாடிய தனுஷின் குடும்பத்து வேரும் தேனி மாவட்டத்தில்தான். 2020 நவம்பரில் நூறு கோடிப் பார்வையைக் கடந்தது. தென்னிந்தியப் பாட்டு ஒன்று அந்த எண்ணைத் தொட்டது அதுவே முதல்முறை.

★ அதே 2019-இல் வேறொன்றும் நடந்தது. காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டிய பார்வைகளையும் சேர்த்து ‘24 மணி நேரச் சாதனை’ சொல்வது பெருகியது. ஜூலையில் பாட்ஷாவின் ‘பாகல்’ ஒரே நாளில் ஏழரைக் கோடி என்று அறிவித்ததும் பெரிய விவாதம் எழுந்தது. செப்டம்பரில் யூட்யூப் விதியை மாற்றியது. விளம்பரத்தால் வந்த பார்வை இசைப் பட்டியல் கணக்கில் சேராது. இதைச் செய்ததற்கு அவர்களைப் பாராட்டலாம். காசு கொடுத்துப் பாட்டை ஏற்றுவது புதிதல்ல: அமெரிக்காவில் 1950-களின் கடைசியில் ரெக்கார்டு கம்பெனிகள் வானொலி அறிவிப்பாளர்களுக்குக் கைக்காசு கொடுத்துப் பாட்டை ஓட்டிய ‘பயோலா’ ஊழல் வெடித்து, 1960-இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

★ தோட்டத் தொழிலாளியின் கதை பட்டியலின் உச்சிக்கு வந்ததும் உண்டு. 2021 மார்ச் 7-இல் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’. தீயும் தெருக்குரல் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த தனிப்பாட்டு. சினிமாவும் இல்லை, நாயகனும் இல்லை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். அந்த வாழ்க்கையிலிருந்துதான் பாட்டு முளைத்தது. நிலத்தைத் திருத்தியவருக்கு நிலம் மிஞ்சவில்லை என்ற செய்தியைக் கோடிக்கணக்கானவர்கள் ஆடிக்கொண்டே கேட்டார்கள். போடி மலைச்சரிவில் மற்றவரின் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர்களுக்கு அந்தச் செய்தி புதிதல்ல.

★ இந்த மலையை இரண்டு படங்கள் நன்றாகப் பார்த்தன. போடிக்குப் பக்கத்துக் குரங்கணியில் எடுத்த ‘மைனா’ 2010 தீபாவளிக்கு வந்தது. டி. இமானின் பாட்டுகள் அந்தப் பருவத்தில் டீக்கடை, மினிபஸ் எங்கும் ஒலித்தன. 2018 ஆகஸ்டில் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. இளையராஜா இசை. ஏலக்காய் மூட்டை சுமந்து, காணி நிலம் வாங்கக் கனவு காண்கிறவனின் கதை. அதன் பாட்டு எதுவும் வாரப் பட்டியல்களில் பேசப்படவில்லை. ஆனால் மூட்டை அவிழ்ந்து காய் பள்ளத்தில் கொட்டும் காட்சியை, மலையேறிப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்த யாரும் மறக்க முடியாது. இரண்டு படங்களில் எது பெரியது என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

★ பட்டியலிலிருந்து இறங்கிய பாட்டு திரும்பி ஏறுமா? மரியா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டு வெளியானது 1994-இல்; அமெரிக்க முதலிடம் கிடைத்தது 2019 டிசம்பரில். கேட் புஷ் 1985-இல் பாடிய ‘ரன்னிங் அப் தட் ஹில்’, ஒரு தொலைக்காட்சித் தொடரின் புண்ணியத்தில் 2022 ஜூனில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

★ நம்முடைய கதை இதற்குக் குறைந்ததல்ல. 1991 நவம்பர் 5, தீபாவளி. ஒரே நாளில் இளையராஜா இசையில் இரண்டு படங்கள் வந்தன: ‘தளபதி’, ‘குணா’. இரண்டிலும் நான் சொல்லப்போகும் பாட்டுகளை எழுதியவர் வாலி.

‘குணா’ வந்தபோது படம் சுமாராகத்தான் ஓடியது. ‘கண்மணி அன்போடு காதலன்’ ரசித்தவர்களின் பாட்டாக நின்றது. 2024 பிப்ரவரி 22-இல் சிதம்பரம் இயக்கிய மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தது. கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை மீட்ட கேரள இளைஞர்களின் உண்மைக் கதை. கடைசியில் அந்தப் பாட்டு வரும் இடத்தில் தியேட்டர்கள் எழுந்து நின்று கத்தின. 32 ஆண்டு கழித்து, அப்போது பிறந்தே இருக்காத பிள்ளைகள் அதை ரீல்ஸில் ஓடவிட்டார்கள். தேனி மாவட்டத்து மெட்டு, கொடைக்கானல் குகை, மலையாளப் படம்: மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே பாட்டைக் கேட்டது.

‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ போன தூரம் இன்னும் அதிகம். நடுவே அப்பரின் தேவாரமும் கலந்து வரும் பாட்டு அது, பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் சுவர்ணலதாவும். 2002-இல் பிபிசி உலகச் சேவை தன் 70-ஆம் ஆண்டை ஒட்டி, உலகத்தின் பிரியமான பத்துப் பாட்டு எவை என்று நேயர்களிடம் வாக்கு கேட்டது. ஏறக்குறைய ஏழாயிரம் பாட்டுகளின் பெயர்கள் வந்தன, 155 நாடுகளிலிருந்து வாக்குகள் விழுந்தன. முதலிடம் ‘எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்’ என்ற அயர்லாந்துப் பாட்டுக்கு. இரண்டாவது ‘ஆனந்த மடம்’ இந்திப் படத்தின் ‘வந்தே மாதரம்’. மூன்றாவது ‘தில் தில் பாகிஸ்தான்’. நான்காவது ‘ராக்கம்மா’. ஐந்தாவதும் தமிழுக்கே கிடைத்தது: திருமலை சந்திரனின் ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ என்ற ஈழத்துப் பாட்டு. கடை விற்பனை, பார்கோடு, 30 நொடிக் கணக்கு எதுவும் அந்தத் தேர்வில் இல்லை, யூட்யூப் பிறக்க இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. நேயர்களிடம் நேராகக் கேட்டார்கள், நேயர்கள் சொன்னார்கள்.